விலகிய விடை

திருச்சிற்றம்பலம்.



இன்று இத்திருக்கோயிற் பெருவிழாவின் ஐந்தாம் திருநாள். இன்றிரவு பெருமான் வெள்ளி விடைமேல் எழுந்தருளித் திருவீதி வலம் வந்தருளுவார். அதற்கு முன்னர் உள்ள இச்சிறு பொழுதில் கல் விடையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். விடை மட்டுமா? யானை, சிங்கம், குரங்கு, மான், பூனை என எத்துணையோ உயிர்களை நம் முன்னோர் கல்லிலே வடித்துப் பலரும் காணும் இடங்களில் நிறுத்தியிருக்கின்றனர். அவற்றுள் சிலவற்றைச் சூழ்ந்து எதிர்பாராத கதைகள் வழங்குகின்றன. கல் கரும்பு தின்றது என்பர். கல் வளர்ந்தது என்பர். கல் விலகியது என்பர். இவை சிறுபிள்ளைக் கதைகள் என்று தள்ளுவாரும் உளர். கேட்ட அளவில் கண்ணீர் மல்கி, வீடு சேர்ந்ததும் மறப்பாரும் உளர். இவ்விரு திறத்தாரும் அக்கதைகளின் பயனைப் பெற்றிலர். கல் விலங்கைப் பற்றிய கதை ஒவ்வொன்றும், உற்று நோக்கின், அதன் முன்னே நிற்கும் மனிதனைப் பற்றிய கதையாகவே இருக்கின்றது.

முதலில் மாமல்லபுரத்திற்குச் செல்வோம். அங்கே 90 அடிக்குக் குறையாத நீளமுள்ள பெரும்பாறை ஒன்றில், ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் பல்லவர் காலத்துச் சிற்பிகள் ஓர் உலகத்தையே படைத்து வைத்தனர். அருச்சுனன் தவம் என்பாரும், பகீரதன் தவம் என்பாரும் உளர். ஒற்றைக் காலூன்றி, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, உடல் வற்றி நிற்கின்றார் தவமுனிவர். அவர்க்கு அருள வந்து நிற்கின்றார் சிவபெருமான். கீழே, உயிருள்ள யானையை ஒத்த பேருருவில் யானைகள் கன்றுகளுடன் நிற்கின்றன. காண்பார் கண்ணெல்லாம் யானையின்மேற் செல்லும். ஆனால் அப்பெரிய யானையின் தந்தத்தை அடுத்து ஒரு சிறு பூனை நிற்பதைச் சற்றே குனிந்து பார்ப்பவரே காண்பர். அப்பூனையும் பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களை முனிவரைப் போலவே மேலே தூக்கித் தவம் புரிகின்றது! அதனைச் சூழ்ந்து எலிகள் அஞ்சாது விளையாடுகின்றன.

மாபாரதத்தின் உத்தியோக பருவத்திலே ஒரு கதை உண்டு. கங்கைக் கரையில் ஒரு பூனை தவவேடம் பூண்டு கைகளை உயர்த்தி நின்றது. எலிகள் அதனை நம்பி அடைக்கலம் புகுந்தன. தன்னை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுமாறு எலிகளைக் கேட்ட பூனை, வழியிலே அவற்றை ஒவ்வொன்றாக உண்டு கொழுத்தது. சிற்பி இக்கதையைக் கருதினானோ, தவத்தின் பெருமையால் பகையும் பகை மறக்கும் என்று காட்டினானோ, அறிஞர் இரு வகையாகவும் உரைப்பர். நாம் கொள்ள வேண்டியது ஒன்று. முனிவர் தூக்கிய கையும் பூனை தூக்கிய கையும் புறத்தோற்றத்தில் ஒன்றே. வேறுபாடு அகத்திலே இருக்கின்றது. கோயிலிலே கை தூக்கித் தொழுகின்ற நாம் எந்தக் கையைத் தூக்குகின்றோம் என்று ஒவ்வொருவரும் தம்முள்ளே வினவிக் கொள்ளுதல் வேண்டும்.

மற்றொன்றையும் இங்கே நினைவிற் கொள்க. அந்தப் பாறைக்கு மதில் இல்லை, கதவு இல்லை, வாயில் காவலர் இல்லை. மீன் பிடிப்பவரும் மாடு மேய்ப்பவரும் மன்னரும் ஒரே வெயிலில் நின்று அதனைக் கண்டனர். இனி நாம் காணப் போகும் விலங்குகள் மதிலுக்கு உள்ளே இருப்பவை.

மதுரைக்கு வருவோம். ஆலவாய் அண்ணலின் கருவறையை இந்திர விமானம் என்பர். அதனை எட்டு யானைகள் தாங்கி நிற்பது நீவிர் அறிந்ததே. அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலம் அமைத்தார். அபிடேக பாண்டியன் காலத்தில் எல்லாம் வல்ல சித்தர் ஒருவர் மதுரையில் தோன்றிப் பல அற்புதங்கள் செய்தார். மன்னன் ஆள் அனுப்பி அழைத்தான், சித்தர் செல்லவில்லை. மன்னனே பரிவாரத்துடன் கோயிலுக்கு வந்தான். வந்தவன் வணங்கினானா? இல்லை. சோதிக்க எண்ணினான். அங்கொருவன் கொண்டு வந்த கரும்பைக் காட்டி, இக்கல் யானை இக்கரும்பைத் தின்னுமாறு செய்தல் கூடுமோ என்றான்.

சித்தர் கடைக்கண் நோக்கினார். கல் யானை கண் திறந்தது, பிளிறியது, துதிக்கையை நீட்டிக் கரும்பை வாங்கிச் சாறு ஒழுகத் தின்றது. அத்துடன் நின்றதா? மன்னன் கழுத்திலிருந்த முத்துமாலையையும் பறித்து விழுங்கிவிட்டது! காவலர் சினந்து சித்தரை அடிக்க ஓடி வந்தனர். நில்லுங்கள் என்றார் சித்தர். ஓங்கிய கையும் உயர்த்திய காலுமாக, ஓவியம் போல அவர்கள் அங்கேயே நின்றுவிட்டனர்.

அன்பர்களே! இக்கதையைச் சொல்லுவோர் யானை கரும்பு தின்றதைச் சொல்லி மகிழ்வர். காவலர் நின்றதை விட்டுவிடுவர். புராண ஆசிரியர் இரண்டையும் சேர்த்தே வைத்தார். கல்லாக இருந்தது உயிர் பெற்றது. உயிரோடு இருந்தவர் கல்லாயினர். அருள் நோக்கிற்கு இணங்குவது எதுவோ அது உயிர். அதனை எதிர்த்துக் கை ஓங்குவது எதுவோ அது கல். இதுவே அப்படலத்தின் உட்பொருள். மன்னன் தன் செருக்கு நீங்கிச் சித்தர் திருவடியில் வீழ்ந்தான். யானை மாலையைத் திருப்பித் தந்தது. மைந்தன் வேண்டுமென்று மன்னன் வரம் பெற்றான். அவ்வாறு பிறந்தவனே விக்கிரம பாண்டியன். யானை மீண்டும் கல்லாயிற்று. பொங்கல் திருநாளில் இத்திருவிளையாடல் மதுரைத் திருக்கோயிலில் கொண்டாடப் பெறுவதை அன்பர்கள் பலர் கண்டு களித்திருப்பர்.

அடுத்துத் தஞ்சை. இராசராசன் 1010ஆம் ஆண்டளவில் நிறைவேற்றிய பெரிய கோயிலின் முன்னே, ஒரே கல்லாலாகிய நந்தியைக் காண்கின்றோம். ஏறத்தாழ 12 அடி உயரமும் 19 அடிக்கு மேற்பட்ட நீளமும் உடையது. இதனையும் இராசராசனே அமைத்தான் என்று எண்ணுவார் பலர். ஆயினும் இந்நந்தியும் இதன் மண்டபமும் பல நூற்றாண்டு கழித்து, நாயக்கர் காலத்தில் அமைந்தவை என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. மாட்டுப் பொங்கலன்று காயும் கனியும் இனிப்பும் கொண்டு, ஆயிரம் கிலோ அளவில், இந்நந்திக்கு அலங்காரம் செய்து 108 பசுக்களுக்குக் கோபூசை நிகழ்த்துவர்.

இந்த நந்தியைப் பற்றி ஊரார் சொல்லும் கதை யாது? இது நாள்தோறும் வளர்ந்து கொண்டே வந்ததாம். இப்படியே வளர்ந்தால் மண்டபம் தாங்காதே என்று அஞ்சியவர்கள் முதுகிலே ஓர் ஆணி அடித்தார்களாம், வளர்ச்சி நின்றதாம். உள்ளே ஒரு தேரை இருந்தது என்றும், அதனை எடுத்த பின் வளர்ச்சி நின்றது என்றும் வேறு விதமாகவும் சொல்லுவர். இதற்குப் புராணச் சான்று இல்லை, கல்வெட்டும் இல்லை. ஊர் வாய்மொழியாக வழங்கும் கதை. கல் வளர்வதில்லை என்பது நமக்கும் தெரியும். அக்கதையை முதலில் சொன்ன பாட்டிக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் ஏன் சொன்னாள்?

இறைவன் சந்நிதிக்கு மிக அருகில் இருப்பது ஒரு பெரும் பேறு. அந்தப் பேற்றிலேயே ஓர் இடையூறும் உண்டு. அருகில் இருப்பவன் நாளடைவில், யாம் அருகில் இருப்பவர் என்று எண்ணத் தொடங்குகின்றான். எண்ணம் பருக்கின்றது. பருத்துப் பருத்து, தன்னைக் காக்கும் கூரையையே இடிக்கும் அளவிற்கு வளர்கின்றது. அப்போது ஓர் ஆணி வேண்டியிருக்கின்றது. கல் நந்திக்கு அடித்த ஆணி கதையில்தான் இருக்கின்றது. ஆணவத்திற்கு அடிக்கும் ஆணி நம் ஒவ்வொருவர்க்கும் உண்மையாகவே வேண்டப்படுகின்றது.

இனி நாம் சொல்ல வந்த விடையைக் காண்போம். வைத்தீசுவரன் கோயிலுக்கு அண்மையில், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், திருப்புன்கூர் என்னும் திருத்தலம் உள்ளது. இறைவன் சிவலோகநாதர். எந்தச் சிவாலயத்திலும் நந்தி, மூலவர்க்கு நேர் எதிரே, ஒரு நூல் பிடித்தாற் போல அமைவது மரபு. திருப்புன்கூரில் அவ்வாறு இல்லை. நந்தி நேர்க்கோட்டினின்றும் ஒரு பக்கமாக விலகி அமர்ந்திருக்கின்றது. பெரிய நந்தி; அழகிய நந்தி; விலகிய நந்தி. பட்டீசுவரத்திலும், வெயிலில் வந்த ஆளுடைய பிள்ளையாருக்கு முத்துப்பந்தர் அருளிய பெருமான், அவர் வரும் கோலத்தைத் தாம் காணும் பொருட்டு நந்தியை விலகச் செய்தார் என்பர். அங்கே விலகியது மூவர் முதலிகளுள் ஒருவர்க்காக. திருப்புன்கூரில் விலகியது யாருக்காக?

மேற்காநாட்டு ஆதனூரில், ஊர்ப்புறத்துச் சேரியில் வாழ்ந்த நந்தனாருக்காக. திருநாளைப்போவார் என்று சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் வைத்துப் போற்றிய அடியவர் அவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அவர் வரலாற்றை விரித்துரைத்தார். நந்தனார் செய்த தொண்டு யாது? கோயில்களில் முழங்கும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார்.

இதனைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். அவர் தந்த தோல் கோயிலுக்கு உள்ளே முழங்கிற்று. அவர் தந்த நரம்பு உள்ளே இசைத்தது. அவர் தந்த கோரோசனை பெருமான் பூசனைக்கு உரியதாயிற்று. அவர் மட்டும் வெளியே நின்றார். கொடுத்த பொருளில் இல்லாத தீட்டு, கொடுத்த கையில் எங்ஙனம் வந்தது? இக்கேள்வியை எழுப்பாமல் பெரியபுராணத்தைப் படிப்பவர் அதன் சொல்லைப் படித்தாரே அன்றிப் பொருளைப் படித்திலர்.

நந்தனார் திருப்புன்கூர் வந்தார். வாயிலின் முன்னே, எட்ட நின்று பாடினார், ஆடினார். உள்ளே பெருமான் இருக்கின்றார். நடுவே நந்தி இருக்கின்றது. கண் காண விழைகின்றது, கல் மறைக்கின்றது. அன்பருடைய வேட்கையைச் சிவலோகநாதர் உணர்ந்தார். முன்னிருந்த விடையை விலகச் செய்தார். நந்தனார் கண்ணாரக் கண்டார். கண்டவர் கண்ட மகிழ்ச்சியோடு சென்றுவிடவில்லை. கோயிலின் பக்கத்தில் ஒரு குளத்தை வெட்டிவிட்டுச் சென்றார். தமக்கு உள்ளே இடம் தராத ஊருக்கு நீர் தந்துவிட்டுச் சென்றார். அடியவர் இயல்பு இது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இளைஞர்கள் நம்மிடம் இதனைக் கேட்பதுண்டு. சில வேளை சினத்தோடும் கேட்பர். பெருமான் எல்லாம் வல்லவர் அல்லவா? அவர் நந்தியை விலக்கியதற்கு மாறாக, வாயிலில் நின்று தடுத்த வழக்கத்தை விலக்கியிருக்கலாகாதா? கல்லை அசைத்தவர் மனிதர் மனத்தை அசைத்திருக்கலாகாதா? நந்தனார் கோயிலுக்குள் நடந்து சென்று வணங்கியிருக்கலாம் அன்றோ? இவ்வினா நியாயமானது. இதனைக் கேட்பாரை நாத்திகர் என்று வாயடைப்பது சைவம் அன்று.

விடை சொல்லப் புகுவோம். சித்தாந்த சாத்திரம் பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும். பசுவாகிய உயிரை அநாதியே பற்றி நிற்பது ஆணவ மலம். கல் சடப்பொருள், அதற்கு ஆணவம் இல்லை. ஆதலால் ஆணை பிறந்த அப்பொழுதே அது விலகிற்று. உயிர்க்கோ அறிவும் இச்சையும் செயலும் உண்டு. அவ்வுயிரைக் கல்லைப் போல நகர்த்தி வைத்தல் பெருமான் திருவுள்ளம் அன்று. அது தானே உணர்ந்து, தானே நாணி, தானே விலக வேண்டும் என்று காத்திருக்கின்றார். ஆகவே நம் கண்முன் ஓர் எடுத்துக்காட்டை வைத்தார். பாருங்கள், கல் விலகிவிட்டது, நீங்கள் எப்போது விலகப் போகின்றீர்கள் என்று கேட்பது போல, அந்நந்தியை மீண்டும் நேராக்காமல் விலகிய நிலையிலேயே விட்டு வைத்தார். திருப்புன்கூர் நந்தி அற்புதத்தின் அடையாளம் மட்டும் அன்று. ஊருக்கு இட்ட கேள்வி.

இன்னும் ஒன்று. நந்திதேவர் நம்மைப் பார்த்து இருப்பவர் அல்லர். அவர் முதுகு நமக்கு, முகம் பெருமானுக்கு. ஊழி ஊழியாக அவர் பெற்ற பேறு, இமை கொட்டாமல் இறைவனை நேர் நின்று காணும் அந்தக் காட்சியே. விலகு என்ற ஆணை வந்தபோது அவர் இழந்தது அந்த நேர்க்காட்சி. யாருக்காக இழந்தார்? ஊர் வெளியே நிறுத்திய ஒருவருக்காக. பிறருக்கு வழி விடுவது என்றால் நமக்குத் தேவையற்ற இடத்தை விட்டுக் கொடுப்பது அன்று. நமக்கு மிக இனிய இடத்தை விட்டுக் கொடுப்பது. நந்தி அதனைச் செய்தார். செய்ததனால் குறைந்தாரா? இந்நாட்டில் நேராக இருக்கும் நந்திகள் எண்ணிறந்தன. விலகிய நந்தியைத்தான் ஊர் தேடிச் சென்று தொழுகின்றோம்.

நந்தனார் கதை ஏட்டிலே இருந்து எளிய மக்கள் நாவிற்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். கோபாலகிருட்டிண பாரதியார் அதனைக் கீர்த்தனை நாடகமாகச் செய்தார். நந்தனாரைத் தடுக்கும் பண்ணையார் போன்ற பாத்திரங்கள் அவர் படைத்தவை. சேக்கிழார் நூலில் அவை இல்லை. அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பாரதியார் சென்றார். நூலில் இலக்கண வழுக்கள் இருத்தலால் பிள்ளையவர்கள் தயங்கி நாட்களைத் தள்ளினார். ஒரு நாள் பாரதியார் பிள்ளையவர்கள் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து, தம் கீர்த்தனையைத் தாமே உருகிப் பாடினார். உள்ளிருந்து கேட்ட பெரும்புலவர் நெஞ்சு நெகிழ்ந்தது, பாயிரம் பிறந்தது. அவர்தம் மாணாக்கர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் இதனை எழுதி வைத்துள்ளார். நந்தியின் கதையைச் சொல்ல வந்த நூலுக்காக இலக்கணமும் சற்றே விலகிற்று!

புலமை விலகிற்று, ஊர் விலகிற்றா? சேக்கிழார் காலம் 12ஆம் நூற்றாண்டு. அன்று முதல் கோயில்தோறும் பெரியபுராணம் படிக்கப் பெற்றது. நந்தனார் திருவுருவம் அறுபத்து மூவர் வரிசையில் வைத்துத் தீபம் காட்டப் பெற்றது. அதே கோயில்களின் வாயிலுக்கு வெளியே நந்தனாரின் குலத்தார் நின்றுகொண்டே இருந்தனர். உள்ளே கல் நந்தனாருக்குப் பூசை. வெளியே உயிர் நந்தனாருக்குத் தடை! மதுரையில் காவலர் கல்லாய் நின்றது ஒரு நொடி. நம் சமுதாயம் கல்லாய் நின்றது ஏறத்தாழ 800 ஆண்டு.

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் அரசர் தம் நாட்டுக் கோயில்களை இந்துக்கள் எல்லோர்க்கும் திறந்தார். 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், மதுரை வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்டிருந்த வகுப்பினர் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மை திருக்கோயிலுக்குள் சென்றார். ஆலய நிருவாக அதிகாரியாயிருந்த ஆர். எஸ். நாயுடு துணை நின்றார். அன்று உள்ளே சென்றவருள் ஒருவர், பின்னாளில் மாநில அமைச்சராய் இருந்து எளிமைக்கு இலக்கணமாய் விளங்கிய கக்கன். எந்தக் கோயில்? கல் யானை கரும்பு தின்ற அதே கோயில். அதே ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் வாயிலும் திறந்தது. வளர்ந்ததாகச் சொல்லப்படும் அந்நந்தியின் முன்னே எல்லோரும் வந்து நின்றனர். இராசாசி அவர்களின் அமைச்சரவை அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேசத்திற்குக் காப்பளிக்கும் சட்டம் கொணர்ந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணத்துக் கோயில்கள் அனைத்தையும் இந்துக்கள் அனைவர்க்கும் உரியன ஆக்கிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 17ஆம் உறுப்பில் தீண்டாமையை ஒழித்தது.

அன்று எதிர்த்தவர்களும் சைவர்களே. பூசை கெடும் என்றனர், சாந்நித்தியம் குறையும் என்றனர். குறைந்ததா? மதுரையில் இன்று கூடும் கூட்டத்தைப் பாருங்கள். அம்மையின் அருள் குறையவில்லை. அதனைத் தங்களுடையது என்று எண்ணியவரின் எண்ணம் மட்டுமே குறைந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் இளைப்பாறலாமா? 2023ஆம் ஆண்டு சூன் திங்களில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் யார் நுழைவது என்று எழுந்த பூசலினால், அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரையிட நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உயர்நீதிமன்ற ஆணையின்படியே கதவு மீண்டும் திறந்தது. ஒருவரை வெளியே நிறுத்த முயன்றோம். முடிவில் அம்மையை உள்ளே பூட்டினோம். ஓர் ஊரைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஏதோ ஒரு வாயிலில், தேர் வடத்திலோ, மண்டகப்படியிலோ, திருநீறு இடும் கையிலோ, இந்தப் பூட்டு சிறிதாகவோ பெரிதாகவோ தொங்குகின்றதா என்று பார்க்க வேண்டும். சட்டம் கதவைத் திறக்கும். கதவுக்குப் பின்னே நிற்கும் முகத்தை மலரச் செய்தல் சட்டத்தால் இயலாது. அது நம் கடன்.

இனி, நாள்தோறும் நாம் செய்யக் கூடியன சிலவற்றைச் சொல்லி முடிப்போம். பிரதோட காலத்தில் நந்தியின் கொம்புகளுக்கு இடையே பெருமானைக் காணல் சிறப்பு என்று எல்லோரும் முந்துகின்றோம். முந்தியவர் நகர்கின்றாரா? நகர்வதில்லை. பின்னே கூன் விழுந்த மூதாட்டி எட்டி எட்டிப் பார்க்கின்றாள். கைக்குழந்தையுடன் ஒரு தாய் தவிக்கின்றாள். தொழில் முடித்து வியர்வையோடு வந்தவன் கூசி ஒதுங்கி நிற்கின்றான். அவர்களுக்கும் பெருமானுக்கும் நடுவே நிற்பது அப்போது கல் நந்தி அன்று, நாம்தாம்! கண்டவர் ஒரு பக்கமாக விலகுக. இதனைவிடச் சிறந்த பிரதோட வழிபாடு வேறில்லை.

நந்தியின் செவியில் தம் குறையைச் சொல்லும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. சிலர் மேலே சாய்ந்து, கொம்பைப் பற்றி, முகத்தில் எண்ணெயும் மஞ்சளும் அப்பிச் செல்கின்றனர். கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சிற்பத்தின் நுண்ணிய வேலைப்பாட்டை மூடிவிடுகின்றன. தூணில் உள்ள யாளியின் மேல் பெயர் கீறுவாரும் உளர். நம் குறையை நந்தியிடம் சொல்லுமுன், நமக்குப் பின்னே நிற்பவரின் குறையை ஒரு முறை திரும்பிப் பார்த்துக் கேட்போமாக. நந்தி பெருமானையே பார்த்துக் கொண்டிருப்பவர். அவர்க்கு நம் குறை செவியில் ஓதித்தான் தெரிய வேண்டும் என்பது இல்லை.

நந்தனார் பின்பு தில்லைக்குச் சென்றதும், நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று ஏங்கிய ஏக்கம் தீர்ந்ததும், தீயில் மூழ்கி முனிவராய் எழுந்து அம்பலவர் திருவடி சேர்ந்ததும் நீவிர் அறிவீர். அத்தீ அவர்மேல் இருந்த மாசை எரித்தது என்று கொள்ளற்க. அவர்பால் மாசு என்றும் இருந்ததில்லை. அவரை மாசுடையார் என்று கண்ட கண்களின் மாசு அத்தீயின் ஒளியில் நீங்கிற்று என்று கொள்க. அடியவரை இன்னொரு முறை அத்தகைய சோதனைக்கு உள்ளாக்காத ஊராக நம் ஊர் இருத்தல் வேண்டும்.

கல் யானை, இணங்கினால் கல்லும் உயிராம் என்றது. வளர்ந்த நந்தி, ஆணவத்திற்கு ஆணி வேண்டும் என்றது. விலகிய நந்தியோ நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றது. அக்கேள்விக்கு வாயால் விடை வேண்டா; காலால் ஓரடி விலகி நின்றால் அதுவே விடையாகும். ஒவ்வொருவரும் அந்த ஓரடியை எடுத்து வைக்கச் சிவலோகநாதர் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.